அன்று அடிவாங்கிய பிள்ளை... இன்று அப்பாவான பிறகு!

சாரல் சீஸனில் குற்றாலம் வருபவர்கள், அருவியில் குளித்த கையோடு சூரியகாந்தித் தோட்டம் பார்க்க சுந்தரபாண்டியபுரத்துக்கும் வண்டியை விடுவார்கள்.

அப்படி வந்த ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து பாருங்கள். வரப்பில் ஓடிய ஏழு வயதுப் பையன், அப்பாவின் செல்போனைச் சேற்றில் போட்டுவிடுகிறான். அப்பா கையை ஓங்குகிறார். பையன் தலையை மூடிக்கொண்டு சுருண்டு நிற்கிறான். அதைப் பார்த்ததும் அப்பா அப்படியே உறைந்துபோகிறார். முப்பது வருஷத்துக்கு முன், தன் அப்பாவுக்கு முன்னால் அவரும் இப்படித்தான் நின்றார்.

'அடியாத மாடு படியாது' என்று சொல்லி வளர்த்த ஊர் நம் ஊர். 'அதெல்லாம் அப்பவே மறந்தாச்சு' என்போம். ஆனால், உடம்பு மறப்பதில்லை. சின்ன வயதில் பயந்து பயந்தே வளர்ந்தவர்களுக்கு, மூளையில் ஆபத்தை அறிவிக்கும் மணி சீக்கிரம் அடித்துவிடும். திடீர்க் கோபம், தூக்கமின்மை, யாரையும் நம்ப முடியாமை எல்லாம் அதன் தொடர்ச்சியாக இருக்கலாம்.

அப்படியானால் வாழ்க்கை அவ்வளவுதானா? இல்லை!

ஹவாயில் உள்ள கவாய் தீவில் 1955-ல் பிறந்த 698 குழந்தைகளை, எம்மி வெர்னர் என்ற உளவியலாளரின் குழு 40 வயது வரை தொடர்ந்து கவனித்தது. வறுமை, குடும்பச் சண்டை எனப் பல சிக்கல்களுக்கு நடுவே பிறந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கினர் நன்றாகவே வளர்ந்தார்கள். பாட்டியோ, டீச்சரோ, அவர்கள் பக்கம் நிற்க யாரோ ஒருவர் இருந்தார். பதின்வயதில் தடுமாறியவர்களிலும் பலர் முப்பது, நாற்பது வயதுக்குள் தேறினார்கள். நல்ல வாழ்க்கைத் துணை, மீண்டும் தொடர்ந்த படிப்பு, நிலையான வேலை கைகொடுத்தன.

நம் நாகப்பட்டினத்திலும் இதைப் பார்த்தோம். 2004 சுனாமியில் பெற்றோரை இழந்து, அரசுக் காப்பகத்தில் வளர்ந்த பெண்ணின் திருமணத்தை 2022-ல் முன்னின்று நடத்திவைத்தார் ஐ.ஏ.எஸ். அதிகாரி ராதாகிருஷ்ணன். சுனாமிக்குப் பிறகு அங்கே கலெக்டராக இருந்தவர். மாற்றலாகிப் போன பிறகும் அந்த உறவை அவர் விடவில்லை.

நீங்கள் என்ன செய்யலாம்?

* கோபம் ஏறும்போது அந்த இடத்தைவிட்டு இரண்டு நிமிடம் விலகுங்கள். மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள்.

* எது உங்களைச் சீண்டுகிறது என்று கவனியுங்கள். சத்தமா, அவமானமா, யாராவது கேலி செய்வதா?

* நம்பும் ஒருவரிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். முழுக் கதையையும் ஒரே நாளில் சொல்ல வேண்டியதில்லை.

* தூக்கம் கெட்டால், குடியில் இறங்கினால், வாழ்வே வெறுத்தால் தாமதிக்காதீர்கள். 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் 24 மணி நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். மனநல மருத்துவரையும் பார்க்கலாம்.

* பிள்ளையிடம் கை நீண்டுவிட்டால் மன்னிப்புக் கேளுங்கள். அதனால் அப்பாவின் மரியாதை குறையாது.

வரப்பில் நின்ற அந்த அப்பா, கையைக் கீழே இறக்கி, 'பயப்படாதடா, போன்தானே' என்று சொல்லிவிட்டால் போதும். அவர் சின்ன வயதில் கேட்க ஏங்கிய வார்த்தை அதுதான்!