சனியா, செவியா?



ஆடி மாதத்துச் சனிக்கிழமை. குச்சனூரில் கால் வைக்க இடமில்லை. சுரபி ஆற்றங்கரையெங்கும் மக்கள் வெள்ளம், கையெல்லாம் எள் விளக்கு, காக்கைக்குச் சோறு. அந்தக் கூட்டத்திலே தோளில் குழந்தையைச் சுமந்து நிற்கிறாள் ஒரு தாய். நடவு வேலைக்குப் போகிறவள். பிள்ளைக்கு வயது மூன்று. "அம்மா" என்ற சொல் இன்னும் பிறக்கவில்லை.

"ஏழரைச் சனி தாயே! விலகினால் வாய் திறக்கும்" என்கிறார் ஜாதகம் பார்த்தவர்.

"இவன் அப்பனே நாலு வயதில்தான் பேசினான்" என்கிறாள் மாமியார்.

"வசம்பைச் சுட்டு நாக்கிலே தடவு" என்கிறாள் பக்கத்து வீட்டுக்காரி.

நாளைப் பற்றிப் பேசினார்கள். கோளைப் பற்றிப் பேசினார்கள். நாவைப் பற்றியும் பேசினார்கள். காதைப் பற்றி ஒருவரும் பேசவில்லை!

நாடக மேடையில் திரைக்குப் பின்னிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பவனை நீங்கள் அறிவீர்கள். நானும் அந்த வேலை பார்த்தவன். எடுத்துக் கொடுப்பது காதில் விழாவிட்டால் எத்தனை பெரிய நடிகனும் சிலையாய் நிற்பான். குழந்தையும் கேட்டுத்தான் பேசுகிறது. கேளாத காதுக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

சனி என்பது சூரியனைச் சுற்றும் ஒரு கோள். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 29½ ஆண்டு. அதைப் பன்னிரண்டு ராசிக்குப் பங்கிட்டு, மூன்று ராசியைக் கூட்டி, ஏழரை என்று கணக்குச் சொன்னார்கள். கோள் தன் வழியே போகிறது. பிள்ளையின் வயது அதற்காக நிற்பதில்லை. பேச்சும் மொழியும் மூளையில் ஆழ வேர்பிடிக்கும் காலம் முதல் மூன்று ஆண்டு. ஏழரை விலகட்டும் என்று காத்திருப்பவன் அந்த மூன்றையும் பறிகொடுத்து, அதன்மேல் நாலரையையும் தொலைக்கிறான்!

நெஞ்சில் எழுதிக்கொள்ளுங்கள். ஓராண்டில், பெயர் சொல்லி அழைத்தால் குழந்தை திரும்ப வேண்டும். இரண்டாண்டில் "அம்மா வா", "பால் தா" எனச் சொல்லோடு சொல் சேர வேண்டும். இல்லையெனில் உடனே செவிச் சோதனை! பிறந்த ஒரு மாதத்திற்குள் சோதனை, மூன்று மாதத்திற்குள் குறையறிதல், ஆறு மாதத்திற்குள் கருவியும் பயிற்சியும் என்பது மருத்துவ உலகம் வகுத்த நெறி.

சொத்து வெளியே போகாதிருக்க அக்காள் மகளைக் கட்டிவைத்தோம். நெருங்கிய இரத்த உறவு மணத்தில் பிறவிக் கேளாமை மிகுகிறது. அது சனி செய்த வேலையா, சம்பந்தி செய்த வேலையா?

செவி நன்றாயிருந்தும் பேச்சு வராததுண்டு. ஆட்டிசமாக இருக்கலாம், வளர்ச்சித் தாமதமாக இருக்கலாம். அதற்கும் பயிற்சி உண்டு. விளையாட்டினூடே பேசுவது, பொருளைக் காட்டிப் பெயர் சொல்வது, குழந்தையின் மறுமொழிக்குப் பொறுத்திருப்பது. பயிற்சியாளர் கற்றுத்தருவதை வீட்டில் நாள்தோறும் செய்ய வேண்டும். கைப்பேசி அதைச் செய்யாது. "வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்" என்று எவரேனும் சொன்னால் ஏற்காதீர்! தாய்மொழி எந்தப் பிள்ளையின் பேச்சையும் தடுத்ததில்லை.

1965இல் மைசூரில் இதற்கென்றே அகில இந்திய நிறுவனம் எழுந்தது. 2016ஆம் ஆண்டுச் சட்டம் பேச்சு, மொழிக் குறையையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்தது. தமிழ்நாட்டரசின் காப்பீட்டுத் திட்டம் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காக்ளியர் கருவி பொருத்த உதவுகிறது. தேனி க.விலக்கிலே அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

ஆனால் அறுவை ஒரு நாள், பயிற்சியோ ஆண்டுக்கணக்கு. ஒவ்வொரு பயிற்சிக்கும் ஒரு நாள் கூலியை இழக்கும் தாய் எத்தனை வாரம் பேருந்து ஏறுவாள்? வட்ட மருத்துவமனைதோறும் பேச்சுப் பயிற்சியாளர் வேண்டும். வரும் தாய்க்குப் பயணப்படி வேண்டும். ஆள்வோர் எவராயினும் இதைக் கேட்போம்!

கிளைத் தோழர்களே, வீடு வீடாகச் செல்லுங்கள். வேண்டுதலைப் பறிக்க நாம் வரவில்லை. சனிக்கிழமை கோயிலுக்குப் போகிறவர் போகட்டும். திங்கட்கிழமை காலை, பிள்ளையோடு மருத்துவமனை வாசலில் நிற்கட்டும்!