ஒரே வருஷத்தில் உலகம் எங்கும்!

கங்கைகொண்ட சோழபுரம் இன்று ஒரு சிறிய ஊர். அரியலூர் மாவட்டத்தில், ஜெயங்கொண்டத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. வானளாவிய கோவில் ஒன்று நிற்கிறது. சுற்றிலும் வயலும் தோப்பும்தான். சோழ சாம்ராஜ்யத்துக்கு சுமார் 250 ஆண்டு தலைநகரமாக இருந்த இடம் இது என்றால், முதல் முறை வருகிறவர் நம்ப மாட்டார்.

இந்த நகரம் எழுந்துகொண்டிருந்த காலத்தில்தான் கி.பி. 1025-ம் ஆண்டு வந்தது. அந்த வருஷத்தில் உலகத்திலே என்னென்ன நடந்தன, தெரியுமா?

ராஜேந்திர சோழனின் கப்பல்கள் வங்கக் கடலைத் தாண்டின. கடாரம் விழுந்தது. அதுதான் இன்று மலேசியாவில் உள்ள கெடா. சுமத்ரா தீவில் இருந்த ஸ்ரீவிஜயமும் விழுந்தது. அந்நாட்டு மன்னன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் யானைகளோடு பிடிபட்டான். சோழர் படை வென்ற ஊர்கள், பத்துக்கு மேல், தஞ்சைப் பெரிய கோவில் கல்வெட்டில் வரிசையாக இருக்கின்றன.

அதே ஆண்டு அக்டோபரில் கஜினி முகமது சோமநாதபுரத்தை நோக்கிப் புறப்பட்டான். 1026 ஜனவரியில் கோவில் கொள்ளை போயிற்று.

போலந்து நாட்டிலே பொலெஸ்லாவ் என்பவன் முதல் அரசனாக முடிசூட்டிக் கொண்டான். பாவம், ஜூன் மாதமே இறந்துபோனான்!

கான்ஸ்டாண்டிநோபிள் நகரில் இரண்டாம் பாசில் சக்கரவர்த்தி ஏறக்குறைய 50 ஆண்டு ஆண்டவன். சிசிலித் தீவின் மேல் படையெடுக்க ஏற்பாடு செய்துகொண்டிருந்தான். டிசம்பர் 15-ந் தேதி அவன் உயிர் பிரிந்தது.

பாரசீகத்தில் இபின் சினா என்ற வைத்தியர் இருந்தார். அவருடைய பெரிய மருத்துவ நூல் இந்த ஆண்டில்தான் முடிந்தது என்பார்கள். 17-ம் நூற்றாண்டு வரை ஐரோப்பாவிலும் அது பாடப் புத்தகம். மன்னர்கள் பிடித்த நாடு எதுவும் அவர்கள் வம்சத்தின் கையில் அவ்வளவு காலம் நிற்கவில்லை!

நண்பன் பகைவன் ஆனது ஏன்?

பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் சோமநாதபுரத்தை ஒரு பக்கத்தில் படிக்கிறார்கள். கடாரத்தை வேறு பக்கத்தில் படிக்கிறார்கள். இரண்டும் ஒரே வருஷத்துச் சங்கதி என்று சொல்லிக் கொடுக்க வேண்டும். “கடாரம் கொண்டான்” என்ற பட்டத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. அவன் ஏன் போனான் என்பதல்லவா முக்கியம்!

ஸ்ரீவிஜய மன்னர்கள் முதலில் சோழருக்கு நண்பர்கள். நாகப்பட்டினத்தில் அவர்கள் புத்த விகாரம் கட்டினார்கள். ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தையே கொடுத்தான். அப்படிப்பட்ட நட்பு 20 ஆண்டுக்குள் சண்டையாக மாறிற்று.

காரணம், சீன வியாபாரம் என்று சரித்திர ஆசிரியர்கள் பலர் கருதுகிறார்கள். சீனா அப்போது செல்வம் கொழித்த நாடு. 1024-லேயே அங்கே அரசாங்கம் காகித நோட்டு வெளியிட்டது! அங்கே போகும் கப்பல்கள் மலாக்கா ஜலசந்தி வழியாகத்தான் போக வேண்டும். அந்த வாசலில் ஸ்ரீவிஜயம் காவல் இருந்தது. வென்ற நாட்டைச் சோழன் தன் ஆட்சியில் வைத்துக்கொள்ளவில்லை. 1033-ல் சோழ தூதர்கள் சீனாவுக்குப் போனார்கள். வழி திறந்ததே அவனுக்குப் போதும் போலும்.

மண்ணுக்குள் சாட்சி

இதற்கு ஆதாரம் சோழபுரத்து மண்ணிலேயே இருக்கிறது. மாளிகைமேடு என்ற இடத்தில் 1980 முதல் தமிழக தொல்பொருள் துறை தோண்டியது. செங்கல் அஸ்திவாரத்தோடு அரண்மனை வெளிப்பட்டது. சீனத்துப் பீங்கான் துண்டுகளும் கிடைத்தன.

ஆனால் அரண்மனையில் மிஞ்சியது அஸ்திவாரம்தான். செங்கலைப் பெயர்த்து அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். கோவில் மதில் கல்லும் தப்பவில்லை. 1836-ல் கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் அணை கட்டியபோது வண்டி வண்டியாகப் போயிற்று. அணை பயிருக்குத் தண்ணீர் தந்தது, உண்மை. அதற்கு வேறு கல்லா கிடைக்கவில்லை?

கோவில் 2004-ல் உலகப் பாரம்பரியச் சின்னம் ஆயிற்று. 2025 ஜூலையில் கடல் படையெடுப்பின் ஆயிரமாவது ஆண்டு விழா நடந்தது. பிரதமர் வந்து நினைவு நாணயம் வெளியிட்டார். நல்லதுதான். அந்தக் கவனத்தில் ஒரு பங்கு மாளிகைமேட்டுக்கும் வேண்டும். உடைந்த பீங்கான் துண்டு அங்கே எப்படி வந்தது என்பதைப் பிள்ளைகளுக்குப் புரியும் தமிழில் எழுதி வைக்க வேண்டும். 1025-ல் உலகில் நடந்ததையும் அதே பலகையில் எழுதலாம். கோவிலைப் பார்த்ததும் பஸ் ஏறிவிடுகிறவர்கள் உண்டு. மாளிகைமேடு அங்கிருந்து சுமார் 2 கிலோமீட்டர்தான். பேசிக்கொண்டே நடந்து போய்விடலாம்.