வாத்தியார் போட்ட பிறந்தநாள்

என் தங்கையின் பேத்திக்கு இரண்டு வயது நிறையப் போகிறது. அதற்கென்று வாட்ஸப்பில் ஒரு குழு தொடங்கி, கேட்காமலேயே என்னையும் அதில் சேர்த்துவிட்டார்கள். கல்யாண ரிசப்ஷன் வரிசைக்கே புலம்புகிறவன் நான்; இந்த வாரம் என் மனநிலை எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

முதல் சர்ச்சை, தீம். காடா, கடலா, யூனிகார்னா? காடு ஜெயித்தது. ஆகவே பலூன் வளைவு பச்சை, கேக் பச்சை, வருகிறவர்களும் பச்சையில் வர வேண்டுமாம். கரடி வேஷத்தில் ஒருவர் வருகிறார், மணிக்கணக்கில் கூலி. எதிர் வீட்டு மாமா தொப்பி போட்டுக்கொண்டு வந்தாலே வீறிடுகிற குழந்தை அது.

அடுத்து ரிட்டர்ன் கிஃப்ட். இதைப் பற்றி எழுதி ஏற்கெனவே வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் விடுவதாக இல்லை. பென்சிலைப் பார்த்தால் கடித்துத் தின்னும் வயதுக் குழந்தைகளுக்கு எதற்குப் பென்சில் பாக்ஸ்? எங்கள் காலத்தில் பள்ளியில் பிறந்தநாள் என்றால் கலர் டிரெஸ், ஒரு டப்பா சாக்லேட், அவ்வளவுதான். ஆசிரியர் அறைக்கு டப்பாவோடு கூடப் போக ஒரு தோழனைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அந்தப் பதவிக்காக ஒரு வாரம் முன்பிருந்தே நம்மைத் தாங்குவார்கள். கூட வருகிறவனுக்கு ஒரு சாக்லேட் கூடுதல். கொடுத்ததற்குப் பதிலாக யாரும் எதையும் எதிர்பார்த்ததில்லை.

மூன்றாவது பிரச்சினை, தேதி. பிறந்த தேதி இந்த வருடம் புதன்கிழமை வருகிறது. நட்சத்திரம் வருவது அதற்கு அடுத்த வாரம். ஹால் கிடைப்பதோ ஞாயிற்றுக்கிழமை. கடைசியில் நட்சத்திரத்துக்குக் கோயிலில் அர்ச்சனை, தேதிக்கு வீட்டில் பாயசம், ஞாயிற்றுக்கிழமை கரடி என்று சமாதானம் ஆனது.

இதை எங்கள் மாடி வீட்டு ரிட்டயர்ட் தாசில்தாரிடம் சொல்லப் போக, மனிதர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டார். "அந்தக் குழந்தைக்கு மூணு பொறந்தநாள். எனக்கு இருக்கறது ஒண்ணு, அதுவும் என்னோடது இல்ல சார்."

அவர் தலைமுறையில் இது சாதாரணம். வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொட்டுவிட்டால் ஐந்து வயது ஆகிவிட்டது என்று அர்த்தம். விரல் எட்டாத பையனின் தலையை லேசாகச் சாய்த்து எட்டவைத்த ஹெட்மாஸ்டர்களும் உண்டு. பிறகு பதிவேட்டில் ஒரு தேதி எழுத வேண்டும். பள்ளி திறப்பது ஜூனில். அதற்குள் ஐந்து முடிந்திருக்க வேண்டும். ஆகவே தமிழ்நாட்டில் ஒரு தலைமுறையே ஏப்ரலிலும் மேயிலும் பிறந்தது. பெற்றவர்களிடம் கேட்டால் தனுஷ்கோடி புயலுக்கு அடுத்த வாரம் என்பார்கள், எம்.ஜி.ஆரைச் சுட்ட அன்று என்பார்கள். அவை பதிவேட்டுக் கட்டத்தில் அடங்குமா? பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன்பும் பதிவு இருந்தது என்றாலும், வீட்டிலேயே பிரசவம் நடந்த ஊர்களில் பாதிப் பேர் அந்தப் பக்கமே போகவில்லை. என் தங்கை பேத்தியோ 2023 அக்டோபர் 1-க்குப் பிறகு பிறந்தவள் என்பதால், பள்ளிக்கும் பாஸ்போர்ட்டுக்கும் அரசு வேலைக்கும் பிறந்த தேதிக்கு அத்தாட்சியாக அவள் பிறப்புச் சான்றிதழ் ஒன்றே போதும்.

தாசில்தார் பிறந்தது 1962 கார்த்திகையில். சீனாக்காரன் சண்டை நின்ற வாரம் என்று அவர் அம்மா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். சண்டை நின்றது நவம்பர் 21, ஆகவே அம்மா கணக்கில் பிசகில்லை. ஹெட்மாஸ்டர் 1967 ஜூனில் இவரைச் சேர்த்துக்கொண்டு, 1.5.1962 என்று எழுதினார். அதுவே எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்குப் போனது, அங்கிருந்து சர்வீஸ் ரெஜிஸ்டருக்கு. வேலையில் சேர்ந்து ஐந்து வருடத்துக்குள் திருத்தக் கேட்டிருக்கலாம். அம்மா வாக்கை எந்த அதிகாரி அத்தாட்சியாக எடுத்துக்கொள்வார்?

அரசு ஊழியர் ஓய்வு பெறுவது பிறந்த மாதத்தின் கடைசி நாளில். ஒன்றாம் தேதி பிறந்தவர்களுக்கு மட்டும் முந்திய மாதக் கடைசி. அதனால் இவர் 58 முடிந்து 2020 ஏப்ரல் 30 அன்று ஓய்வு பெற்றார். ஊரடங்கு நேரம். மாலை, சால்வை, பிரிவு உபசார போட்டோ எதுவும் கிடையாது. முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு ஜீப் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தார். மே 7 அன்று ஓய்வு வயதை 59 ஆக்கி அரசாணை வந்தது, மே மாதக் கடைசியில் ஓய்வு பெறுகிறவர்களிலிருந்து. அடுத்த வருடம் அது 60 ஆனது.

"கார்த்திகைன்னு எழுதியிருந்தா 2022 நவம்பர் வரைக்கும் சர்வீஸ். சரி, அது வேணாம். மே ஒண்ணுக்கு மே ரெண்டுன்னு எழுதியிருந்தாக்கூட 2022 மே வரைக்கும் இருந்திருப்பேன். ஒரு நாள் சார்! அந்த மனுஷன் பேனாவுக்கு ஒரு நாள்ல என்ன கொறைஞ்சிருக்கும்?"

மே தினமாயிற்றே, ஹெட்மாஸ்டர் கம்யூனிஸ்ட்டாக இருந்திருப்பாரோ என்றேன். அவர் சிரிக்கவில்லை. பென்ஷனில் மாதாமாதம் எவ்வளவு குறைகிறது என்பதைச் செய்தித்தாள் ஓரத்தில் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்.