அந்தப் பந்து ஏன் விழலை?

ஊர்லேர்ந்து யாராவது பெங்களூர் வந்தா நம்ம எல்லார் வீட்டுலயும் ஒரே டூர் ப்ரோக்ராம்தான். லால்பாக், கப்பன் பார்க், அப்படியே பக்கத்துல கஸ்தூர்பா ரோட்டுல விஸ்வேஸ்வரய்யா மியூசியம். 1962ல் நேரு திறந்து வைத்தது. ரைட் சகோதரர்கள் 1903ல் பறந்த விமானத்தோட முழு அளவு மாதிரி முன்னாடி ஒரு போட்டோ. வெளியே வந்து மாங்காய் பத்தை. முடிஞ்சது.

போன மாசம் மச்சான் குடும்பம் வந்திருந்தப்ப இதே லிஸ்ட்தான். நாலாவது படிக்கிற என் பையன் ஒரு இடத்துல நின்னவன் நகரவே இல்லை. குழாயிலிருந்து காத்து பீய்ச்சி அடிக்குது, அது மேல ஒரு பந்து அந்தரத்துல மிதக்குது. குழாயைச் சாய்ச்சாலும் பந்து விழலை.

"பெர்னூலி தத்துவம்டா"ன்னேன், பெருமையா. பரிட்சையில எழுதி முழு மார்க் வாங்கினவனாச்சே!

"சரிப்பா, சாய்ச்சா ஏன் விழலை?"

எனக்குத் தெரியலை. தெரியலைன்னு சொல்லவும் வாய் வரலை. "மேல்மாடி பாக்கி இருக்கு, சீக்கிரம் வா"ன்னு கையைப் பிடிச்சு இழுத்தேன். சுத்தியும் பார்த்தா தமிழ், கன்னடம், தெலுங்கு, இந்தின்னு எல்லா மொழியிலயும் அப்பாக்கள் அதே "சீக்கிரம்"தான் சொல்லிட்டிருந்தாங்க :)

அவன் வரலை. பந்துக்கு அந்தப் பக்கம் கையை நீட்டிப் பார்த்தான். "அப்பா, காத்து நேராப் போகலை. கீழ வளைஞ்சு வருது."

அவ்வளவுதான் விஷயம். காத்து பந்தோட வளைவை ஒட்டிப் போய் கீழ திரும்புது. பந்து காத்தைக் கீழ திருப்புது, பதிலுக்குக் காத்து பந்தை மேல தாங்குது. நியூட்டனோட மூணாம் விதி. காத்து இப்படி ஒட்டிப் போறதுக்கு கோவாண்டா விளைவுன்னு பேர். பேரெல்லாம் நான் வீட்டுக்கு வந்து படிச்சது. அவன் கையாலயே கண்டுபிடிச்சிட்டான்.

சான் ஃபிரான்சிஸ்கோவில் 1969ல் எக்ஸ்ப்ளோரடோரியம்னு தொட்டு விளையாடுற மியூசியத்தைத் தொடங்கின ஃபிராங்க் ஓப்பன்ஹைமர் (அணுகுண்டு ஓப்பன்ஹைமரோட தம்பி) பல்கலைக்கழக வேலை போனப்புறம் பள்ளிக்கூட வாத்தியாரா இருந்தவர். பசங்க எப்படிக் கத்துக்குவாங்கன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கு. நமக்குத்தான் தெரியலை. மார்க் வாங்கி, வேலை வாங்கி, ஊரை விட்டு இவ்வளவு தூரம் வந்தவங்க நாம. எந்தக் கேள்விக்கும் உடனே பதில் சொல்லியே பழகிட்டோம். அதே பழக்கத்தை மியூசியத்துக்குள்ளயும் தூக்கிட்டுப் போறோம்.

நான் சொல்ல வர்றது இதுதான். மியூசியம் முழுக்கப் பார்த்தே தீரணும்னு யாரும் சட்டம் போடலை. நாலே நாலு பாருங்க, போதும். போர்டைப் படிச்சுக் காட்டுறதுக்கு முன்னாடி "என்ன ஆகும்னு நினைக்கிறே?"ன்னு கேளுங்க. தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. அடுத்த லீவுக்குச் சென்னை போறப்ப கோட்டூர்புரம் பெரியார் அறிவியல் மையத்துலயும் இப்படித்தான் செய்யப் போறேன்.

அன்னிக்கு ராத்திரி தங்கமணியோட ஹேர் டிரையர், ஒரு டேபிள் டென்னிஸ் பந்து. ஆறாவது தடவைதான் பந்து நின்னுது. இந்தத் தடவை ஏன்னு கேட்டது நான். சொன்னது அவன்.