பெட்-சி.டி. எடுத்தால் போதுமா?

மார்பகத்தில் கட்டி என்றதும், "பெட்-சி.டி. எடுத்துப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்" என்று பலரும் சொல்கிறார்கள். இதில் பாதிதான் உண்மை.

சி.டி. ஸ்கேன் உடலின் அமைப்பைக் காட்டும். பெட் ஸ்கேன் செல்களின் செயல்பாட்டைக் காட்டும். இதற்காக, கதிரியக்க ஃப்ளோரின்-18 சேர்த்த சர்க்கரையை ஊசி மூலம் செலுத்துவார்கள். புற்றுநோய் செல்கள் அதை அதிகமாக இழுத்துக்கொள்வதால் படத்தில் பளிச்சென்று தெரியும். ஆனால் அந்த இடம் சரியாக எது என்று சொல்ல பெட் மட்டும் போதாது. எனவே டேவிட் டவுன்சென்டும் ரொனால்ட் நட்டும் இரண்டையும் ஒரே கருவியில் இணைத்தார்கள். 2000-ஆம் ஆண்டின் சிறந்த மருத்துவக் கண்டுபிடிப்பு என்று டைம் பத்திரிகை அதைப் பாராட்டியது.

நோய் எலும்புக்கோ கல்லீரலுக்கோ பரவியிருக்கிறதா என்று பார்க்க இது அருமையான கருவி. ஆனால் 1 செ.மீ.க்கும் குறைவான கட்டிகளும், மெதுவாக வளரும் கட்டிகளும் இதன் கண்ணில் படாமல் போகலாம். ஆரம்ப நிலையின் நுண்ணிய சுண்ணாம்புப் புள்ளிகளைக் காட்டுவது சாதாரண மேமோகிராம்தான். மார்பகத் திசு அடர்த்தியாக உள்ள இளம்பெண்களுக்கு மேமோகிராமும் ஏமாற்றலாம். அப்போது அல்ட்ராசவுண்ட் கைகொடுக்கும். புற்றுநோய்தான் என்று உறுதி செய்வது பயாப்சி.

ஆகவே முதலில் மேமோகிராம், அல்ட்ராசவுண்ட், பயாப்சி. பெட்-சி.டி. தேவையா என்பதைப் பிறகு டாக்டர் சொல்லட்டும். அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காகக் கையில் தட்டுப்படும் கட்டியை அலட்சியம் செய்வது ஆபத்து. எந்தக் கருவியானாலும், வெட்கத்தை விட்டு நேரத்தோடு டாக்டரிடம் போனால்தான் பயன்.