விளிம்பில் பொறித்த பெயர்



விசுவாசியாகிய ஒருவர் பழைய போர்ப் பதக்கங்களைச் சேகரிக்கலாமா என்று ஒரு சகோதரர் என்னிடம் கேட்டார். இரத்தம் சிந்திய களத்தின் நினைவாக அளிக்கப்பட்ட உலோகத்தை வீட்டில் வைத்துப் பேணுவது, சமாதானப் பிரபுவைப் பின்பற்றுவோருக்குத் தகுமோ என்பது அவருடைய கலக்கம். அது நியாயமான கலக்கமே. ஆயினும் தகும் என்றே மறுமொழி கூறினேன், ஒரு நிபந்தனையோடு.

முதலாம் உலகப்போருக்குப்பின் பிரிட்டிஷ் அரசு தன் படையினருக்கு வழங்கிய வெள்ளிப் பதக்கத்தை எண்ணிப் பாருங்கள். முகப்பில் அரசர் ஐந்தாம் ஜார்ஜின் தலை. அது எல்லாவற்றிலும் ஒன்றே. விளிம்பைத் திருப்பினால்தான் வேறுபாடு தெரியும்: சிறிய எழுத்துகளில் ஒரு சிப்பாயின் எண், பதவி, பெயர், படைப்பிரிவு. விவரமறிந்த சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது இந்த விளிம்பைத்தான். பெயரை அரத்தால் ராவி அழித்த பதக்கத்தை, முகப்பு எவ்வளவு பளபளத்தாலும், அவர் பெரிதாக மதிப்பதில்லை. 1980ஆம் ஆண்டையொட்டி வெள்ளி விலை ஏறியபோதோ, பலர் இப்பதக்கங்களை எடைக்குப் போட்டார்கள். அரசரும் சிப்பாயும் ஒரே உலையில் கரைந்தார்கள்.

பெயரைத் தொடர்ந்து செல்வது எளிதன்று. 1940 செப்டம்பரில் லண்டன்மீது விழுந்த குண்டுகளால் மூண்ட தீயில், அப்போர்ச் சிப்பாய்களின் பணி ஆவணங்களில் பாதிக்குமேல் எரிந்துபோயின. எஞ்சிய பதக்க அட்டை, படைப்பிரிவின் நாட்குறிப்பு, கல்லறைப் பதிவேடு ஆகியவற்றைப் பொறுமையாய் ஒட்டவைத்தே ஒரு மனிதனை மீட்க வேண்டும்.

இது போரைப் போற்றுதலா? 2 சாமுவேல் 23ஆம் அதிகாரத்தில் தாவீதின் பராக்கிரமசாலிகளுடைய பெயர்ப்பட்டியல் இருக்கிறது. வேதவாசிப்பில் நாம் விரைந்து கடந்துவிடும் பகுதி அது. நானும் பல ஆண்டுகள் அப்படியே கடந்தேன். சிங்கத்தைக் கொன்றவன், கை பட்டயத்தோடு ஒட்டிக்கொள்ளுமட்டும் போரிட்டவன் எனச் செல்லும் அந்தப் பட்டியலின் கடைசிப் பெயர், ஏத்தியனாகிய உரியா. அவனைப் போர்முனையில் நிறுத்திச் சாகக்கொடுத்தவர் எதிரி அல்லர், அவனுடைய சொந்த அரசரே. அந்த ஒரு பெயரை விட்டிருந்தால் தாவீதின் புகழ் இன்னும் பொலிந்திருக்கும். பரிசுத்த ஆவியானவர் அதை ராவி அழிக்கவில்லை. மத்தேயுவும் மேசியாவின் வம்சவரலாற்றில் சாலொமோனின் தாயைப் பெயர்சொல்லிக் குறிக்காமல், உரியாவின் மனைவியாயிருந்தவள் என்றே குறிக்கிறார்.

சிப்பாயின் பெயரைத் தேடுகிறவரும் அரசரின் முகத்தைவிட்டு விளிம்புக்குத் திரும்புகிறார். அங்கே வீரத்தோடு அநீதியும் தென்படும். அதே பதக்கம் வெண்கலத்திலும் செய்யப்பட்டது. நம் நாட்டிலிருந்தும் சீனாவிலிருந்தும் மால்டாவிலிருந்தும் சென்று பாரம் சுமந்த தொழிலாளர் படையினருக்குக் கிடைத்தது வெள்ளியன்று, இந்த வெண்கலமே. சீனத் தொழிலாளருடைய பதக்கத்தின் விளிம்பிலோ பெயரே இல்லை, எண் மட்டும். இறந்தோர் பெயர்களைக் கல்லில் பொறிக்கும் பொறுப்பை ஏற்ற காமன்வெல்த் போர்க்கல்லறை ஆணையம், குறைந்தது 1,16,000 பேர் பெயரால் நினைவுகூரப்படாமல், சிலர் எவ்விதத்திலும் நினைவுகூரப்படாமல் விடப்பட்டதாக 2021இல் ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கோரியது. அவர்களுள் பெரும்பாலோர் கிழக்காப்பிரிக்கரும் எகிப்தியரும். பதக்கங்களை வெறுத்து ஒதுக்குவோருக்கு இவையெல்லாம் தெரியவரப்போவதில்லை.

என் நிபந்தனை இதுவே: பதக்கத்தை வாங்குகிறவர் அதன் பெயரையும் சேர்த்தே ஏற்றுக்கொள்ளவேண்டும். அந்த மனிதன் யார், எங்கே விழுந்தான், அவனுக்காக அழுதவர் யார் என்று தேடாமல், விலை ஏறட்டும் எனப் பூட்டிவைத்தால், ஆகான் தன் கூடாரத்தில் புதைத்த வெள்ளிக்கும் அதற்கும் வேறுபாடு காண என்னால் இயலவில்லை.

உங்கள் வீட்டுப் பழைய பெட்டியில் முன்னோர் ஒருவரின் பதக்கம் கிடக்கக்கூடும். வெளிச்சத்தில் பிடித்து விளிம்பை வாசியுங்கள். இல்லாதவர்கள் இவ்வாரம் 2 சாமுவேல் 23ஐ எடுத்து, எட்டாம் வசனம் முதல் ஒவ்வொரு பெயரையும் வாய்விட்டு வாசியுங்கள். முப்பத்தொன்பதாம் வசனத்தில் சற்றே நில்லுங்கள்.