பின்கோடு எண்ணைக் கூட்டலாமா, வகுக்கலாமா?

கடிதத்தின் மேல் எழுதும் பின்கோடு எண்ணை எத்தனை பேர் உற்றுப் பார்த்திருப்பார்கள்? 1972-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந் தேதி நடைமுறைக்கு வந்த ஆறு இலக்க எண் அது. செங்கல்பட்டுக்கு 603001. மாமல்லபுரத்துக்கு 603104. தபால்காரருக்கு அது ஊரைக் காட்டுகிறது. மற்றவர்களுக்கு?

எண் என்றதும் நம்மவர்களில் பலர் கூட்டத் தொடங்கிவிடுகிறார்கள். மாமல்லபுரத்தின் இலக்கங்களைக் கூட்டினால் 14. அதையும் கூட்டினால் 5. “ஐந்து நல்லதா? எட்டு வந்தால் ஆகாதா?” என்று கேட்டுக்கொண்டு எண் சோதிடரிடம் போகிறார்கள். பெயரில் ஓர் எழுத்தைக் கூட்டுகிறார்கள். வண்டிக்கு “ராசியான” எண் வேண்டும் என்று பணம் கட்டுகிறார்கள். பையனின் பள்ளிப் புத்தகத்துக்கு ஆக வேண்டிய பணம் அது!

அந்த 5-ல் என்ன மந்திரம் இருக்கிறது? 603104-ஐ 9-ஆல் வகுத்தால் மீதி 5. அவ்வளவுதான். எந்த எண்ணின் இலக்கங்களைக் கூட்டினாலும் கிடைப்பது இந்த மீதிதான். மீதி இல்லாமல் வகுபட்டால் 9 வரும். நாலாம் வகுப்புப் பிள்ளை சொல்லும் மீதிக்கு ஒருவர் கட்டணம் வாங்குவதும், இன்னொருவர் கொடுப்பதும் வேடிக்கை.

கூட்டுவதை விட்டு வகுத்துப் பார்க்கட்டும். அப்போதுதான் எண்ணின் குணம் தெரியும். 603104 இரட்டைப்படை எண். அதைப் பாதியாக்கி, பாதியைப் பாதியாக்கி, ஐந்து முறை பிரிக்கலாம். மிஞ்சுவது 18847. அது 47-ஐ 401-ஆல் பெருக்கினால் வருவது. செங்கல்பட்டின் எண் இவ்வளவு இளகாது. 7-க்கு மட்டும் வழி விடுகிறது. ஈவு 86143. அதை மேற்கொண்டு யாராலும் பிரிக்க முடியாது. ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் வகுபடாத இத்தகைய எண்ணுக்குப் பகா எண் என்று பெயர்.

இந்த இரண்டு ஊர்களின் வட்டாரத்திலேயே இருக்கிறது சிறுசேரி. சென்னைக் கணிதவியல் கழகம் அங்கேதான் உள்ளது. அதன் பின்கோடு 603103. மாமல்லபுரத்துக்கு ஒன்றுதான் குறைவு. ஆனால் அது முழுக்க முழுக்கப் பகா எண்! கணித மேதைகள் கேட்டு வாங்கியது அல்ல, தற்செயலாக வந்தது. ராசி பார்ப்பவர்கள் இதையும் ராசி என்று சொல்லிவிடுவார்களோ என்னவோ!

இதைச் சோதிக்கப் பெரிய படிப்பு வேண்டாம். 777-ஐ 777-ஆல் பெருக்கினால் 603729. நம் எண் அதைவிடச் சிறியது. ஆகவே அது இரண்டாகப் பிரிவதாக இருந்தால், ஒரு பகுதி 777-க்குக் கீழே இருந்தே தீரும். அதற்குக் கீழே உள்ள பகா எண்கள் 137. அத்தனையாலும் வகுத்து, ஒவ்வொரு முறையும் மீதி வந்தால் விஷயம் முடிந்தது.

நூறு இலக்க எண்ணுக்கு இந்த வழி உதவாது, ஆயுள் போதாது. மிகப் பெரிய எண்களுக்கும் பொருந்தும் விரைவான முறை ஒன்றை 2002-ம் ஆண்டில் கான்பூர் ஐ.ஐ.டி.யில் மணீந்திர அகர்வால் கண்டுபிடித்தார். அவருடன் உழைத்த நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும் அப்போதுதான் பட்டப்படிப்பை முடித்த இளைஞர்கள். உலகமே வியந்த அந்த வேலைக்கும் அடிப்படை, வகுத்தால் மீதி என்ன என்ற கேள்விதான்.

ஆறு இலக்கத்துக்கு ஒரு பென்சிலும் இரண்டு தாளும் போதும். அண்ணன் வகுக்க, தங்கை சரிபார்க்க, 137 கணக்குகளும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலைக்குள் முடிந்துவிடும்.